சூதாட்ட ஆணையமும் எங்கள் பானையும்

சத்தியம், தம்பி. இந்தக் கடல் மேல் சத்தியம், என் வலை மேல் சத்தியம், என் பெண்டாட்டி பிரகாசி தலை மேலும் சத்தியம். அவள் சந்தைக்குப் போயிருக்கிறாள், அதனால் தைரியமாகவே சொல்கிறேன். நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. என் பெயர் தொம்மை. ஆண்டவரையே தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று அடம்பிடித்தவருடைய பெயர். அப்படிப்பட்ட பெயரை வைத்துக்கொண்டு பொய் சொல்லத் தோன்றுமா?

உட்காருங்க. முதல் படகில் வந்து இறங்கியிருக்கிறீங்க, களைப்பாக இருக்கும். டீ சொல்லிவிட்டேன். முதல் படகில் வருகிற வெளியூர்க்காரருக்கு டீ வாங்கிக் கொடுப்பது எங்கள் குடும்ப வழக்கம். வருஷம் முழுக்க இல்லை, இந்த ஒரு நாள் மட்டும். டம்ளரை வலது கையில் பிடியுங்க. அப்படித்தான். உள்ளங்கை நன்றாகச் சூடேறட்டும். இங்கே காற்று பொல்லாதது, விரல் மரத்துப்போகும். பிறகு எதைத் தொட்டாலும் சூடா குளிரா என்று தெரியாது.

அதோ, தென்னைக்குப் பின்னால் பிறந்தநாள் கேக் மாதிரி ஒரு கட்டடம் தெரிகிறதே, அதுதான் நெய்தல் பேலஸ் ஓட்டல். கீழே கேசினோ, மேலே அறைகள். இந்தத் தீவில் ஒரு சட்டம் உண்டு. நூறு அறை உள்ள ஓட்டலில்தான் கேசினோ நடத்தலாம். நூறு அறை இருந்தால் சூது கௌரவமாகிவிடுமாம். இவர்கள் கட்டியதோ நூறைத் தொடவில்லை. மேனேஜர் துரைபாபு என்ன செய்தான்? அறைக்கு நடுவில் அறையாகப் பலகை வைத்து அடைத்தான். சில அறைகளில் ஆள் படுத்தால் கால் பக்கத்து அறையில் இருக்கும். அப்படியும் ஒன்று குறைந்தது. லிஃப்டுக்குள் ஒரு கட்டிலைப் போட்டு, கதவில் எண் எழுதிவிட்டான். சிரிக்காதீங்க. அந்த அறையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இரண்டு நாள் தங்கினார். ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு காட்சி, இந்த மாதிரி ஓட்டல் எங்கேயும் பார்த்ததில்லை என்று புகழ்ந்துவிட்டுப் போனார்.

எண்ணிப் பார்த்துச் சரி என்று சொன்னவர் மகரபூஷணம். சூதாட்ட ஒழுங்கு ஆணையத்தின் அதிகாரி. ஒல்லியான மனிதர், எப்போதும் குடை. அதிகாரி வருகிற அன்றைக்கெல்லாம் ஓட்டல்காரன் என்னிடம் பெரிய இறாலாகப் பார்த்து வாங்குவான். அதிகாரி இறாலைச் சாப்பிட்டுக்கொண்டே அறைகளை எண்ணினார் என்று நான் சொல்லவில்லை. எண்ணியபோது வாய் காலியாக இல்லை, அவ்வளவுதான்.

சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. தீவுக்காரன் கேசினோவுக்குள் கால் வைக்கக் கூடாது. நாங்கள் சூதாடிக் கெட்டுப்போய்விடுவோமாம். தீவுக்காரன் கெட்டுப்போனால் அது ஒழுக்கக்கேடு, வெளியூர்க்காரன் கெட்டுப்போனால் அது சுற்றுலா வளர்ச்சி. நல்ல சட்டம். நான் குறை சொல்லவில்லை. எனக்குச் சூது என்றாலே ஆகாது. சீட்டுக்கட்டைக் கையால் தொட்டதில்லை. எதில் முடிவு தெரியாதோ அதில் இறங்கவே மாட்டேன்.

சரி, எங்கள் பானைக்கு வருகிறேன்.

இங்கே நாங்கள் கரைவலை இழுக்கிறவர்கள். படகில் போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டு, கரையில் நின்று இரண்டு பக்கமும் கயிறு பிடித்து இழுப்பது. கரையைத் துண்டு துண்டாகப் பிரித்திருக்கிறோம். ஒவ்வொரு துண்டுக்கும் பாடு என்று பெயர். ஒரு வலைக்காரனுக்கு ஒரு பருவத்துக்கு ஒரு பாடு. மாதா கோயிலுக்கு நேர் எதிரே இருப்பது கோயில் பாடு. அங்கே கடலடி வெறும் மணல், சாளை மீன் தானாக வந்து வலைக்குள் உட்காரும். அந்தக் கோடியில் பல்லுப்பாறைப் பாடு. பேரைக் கேட்டாலே தெரியுமே. வலை போனால் நூலாகத்தான் திரும்பும்.

யாருக்கு எது என்று சண்டை வரக்கூடாது. அதனால் பருவம் தொடங்கும் நாளில் பூசை முடிந்ததும் ஒரு பானையைக் கரையில் வைப்போம். ஒவ்வொரு வலைக்காரனும் தன் வலையின் அடிக்கயிற்றிலிருந்து ஒரு ஈயக் குண்டை அவிழ்த்து, தன் அடையாளத்தைக் கீறி, பானைக்குள் போடுவான். வாய் குறுகிய பானை, உள்ளே பார்க்க முடியாது. எங்கள் ஆள் யாரும் கை விடக்கூடாது. முதல் படகில் வந்து இறங்குகிற வெளியூர்க்காரர்தான் எடுக்கவேண்டும். முதலில் வருகிற குண்டுக்குக் கோயில் பாடு, கடைசியில் கிடக்கிற குண்டுக்குப் பல்லுப்பாறை. கடவுள் செய்கிற வேலை. யாரும் முணுமுணுக்கக் கூடாது.

எனக்கு எப்போதும் கோயில் பாடுதான் விழும். என்ன செய்வது? மாதா கண் திறந்து பார்க்கிறாள். என் அப்பனுக்கும் அப்படித்தான். பானையைப் பாதுகாப்பதும் எங்கள் குடும்பம்தான். என் குண்டை எங்கே வைப்பேன் என்று கேட்பீங்க. மீன் போடுகிற ஐஸ் பெட்டியில். வேறே எங்கே வைப்பது? வீட்டில் இடம் கிடையாது. பூசைக்குப் போகும்போது ஐஸோடு ஒரு டப்பாவில் எடுத்துப்போவேன். ஈயத்துக்கு வெயில் ஆகாது. பிரகாசி கேட்பாள், ஈயம் என்ன மீனா, கெட்டுப்போவதற்கு என்று. பெண்களுக்கு உலோகத்தைப் பற்றி என்ன தெரியும்?

போன வருஷம், பானை நாளன்று, மகரபூஷணம் இந்தப் பக்கம் வந்தார். அவருக்கு ஒரு கஷ்டம். பெரிய ஆபீஸில் கேட்டிருக்கிறார்கள், தீவில் இத்தனை நாளாக இருக்கிறாயே, சட்டவிரோதச் சூது ஒன்றுகூடப் பிடிக்கவில்லையா என்று. கேசினோவில் பிடிக்கலாம்தான். ஆனால் அங்கே இறால் இருக்கிறதே. கரையில் பார்த்தால் ஒரு கூட்டம். நடுவில் பானை. யாரோ ஒரு வெளியூர்க்காரர் கை விடப்போகிறார். ஒருத்தன் நெற்றியில் சிலுவை போடுகிறான், ஒருத்தன் கண்ணை மூடிக்கொள்கிறான். கொர்னேலி என்று ஒருத்தன் உண்டு, என் பக்கத்து வீட்டுக்காரன், என்மேல் பிறவிப் பொறாமை. அவன் எப்போதும்போல எடுக்கிறதுக்கு முன்னாடியே தலையில் அடித்துக்கொள்கிறான். அதிகாரி குடையை மடக்கினார்.

நான் முன்னால் போய், ஐயா இது விளையாட்டில்லை, எங்கள் பிழைப்பு என்றேன்.

"எல்லாச் சூதாடியும் அதைத்தான்யா சொல்றான்" என்றார்.

பானை வாயில் துணி கட்டி, அரக்கை உருக்கி, முத்திரை வைத்துவிட்டார். வாய்ப்பை நம்பி முடிவு தெரிகிற எந்த ஆட்டமும் சூதாட்டமாம். அதை நடத்த உரிமம் பெற்ற இடம் வேண்டுமாம். தீவில் உரிமம் பெற்ற இடம் ஒன்றுதான். அது கேசினோ. அதற்குள் தீவுக்காரன் போகக் கூடாது. ஆக, எங்கள் பானையை வெளியே வைத்தால் குற்றம், உள்ளே வைத்தால் நாங்கள் குற்றம்.

பானை இல்லாமல் வலையை இறக்க முடியாது. இறக்கினால் வெட்டுக்குத்துதான். கொர்னேலி வயசுப்படி பிரிக்கலாம் என்றான், ஏனென்றால் அவனுக்கு என்னைவிட ஒரு வயசு கூட. நான் உயரப்படி பிரிக்கலாம் என்றேன். இப்படியே பேசிக்கொண்டிருக்க, கடலில் சாளை கூட்டம் கூட்டமாகப் போகிறது. தண்ணீர் கறுத்துத் தெரிகிறது. நாங்கள் கரையில் வரிசையாக நின்று, பந்தியில் இடம் கிடைக்காதவன் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறோம். வீட்டில் பெண்கள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். பொய்யில்லை தம்பி, ஒரு சாளை கரைக்கே துள்ளி வந்து, எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

வழி சொன்னவன் துரைபாபு. எங்கள் மேல் இரக்கமா? மீன் வராவிட்டால் ஓட்டல் அடுப்பு எரியாது. அவன் சட்டத்தைப் புரட்டிப் பார்த்திருக்கிறான். வெளியிலிருந்து பெட்டியோடு படகில் வந்து இறங்கி, ஓட்டலில் ஒரு ராத்திரி தங்குகிறவன் சுற்றுலாப் பயணி. அவன் எங்கே பிறந்தான் என்று சட்டம் கேட்கவில்லை. அதனால் வலைக்காரர்கள் எல்லாரும் படகேறி அக்கரைக்குப் போங்கள், அங்கே ஒரு டீ குடியுங்கள், பெட்டியோடு திரும்பி வாருங்கள் என்றான். எங்களில் யாரிடம் பெட்டி இருக்கிறது? வலைப் பெட்டிதான். அதைத் தூக்கிக்கொண்டு போனோம்.

ஓட்டல் படகுத்துறையில் இறங்கினால் கழுத்தில் மாலை, கையில் காகிதக் குடை செருகிய ஜூஸ். மாலை போட்ட பெண் என் தங்கச்சி மகள். வெல்கம் சார் என்கிறாள். நான் தாங்க்யூ மேடம் என்கிறேன். வாசலில் பிரகாசி மீன்கூடையோடு உட்கார்ந்திருக்கிறாள். என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள். நான் இங்கிலீஷில் ஹலோ என்றேன். அந்த ஹலோவுக்கு வீட்டில் இன்னும் எனக்குச் சரியாகச் சோறு விழவில்லை, அது வேறு கதை.

எனக்குக் கிடைத்தது லிஃப்ட் அறை. ராத்திரி பூராவும் ஏறி இறங்கினேன். கடலில்கூட எனக்கு வாந்தி வந்ததில்லை.

காலையில் கேசினோவைத் திறந்தார்கள். பச்சைத் துணி மேசை, நடுவில் எங்கள் மண் பானை. சுற்றிலும் டூரிஸ்ட்டுகள், யார் குண்டு முதலில் வரும் என்று எங்கள் மேல் பந்தயம் கட்டுகிறார்கள். என் பல்லைப் பார்த்துவிட்டு ஒரு அம்மாள் கொர்னேலி பக்கம் போய்விட்டாள். சரி, போகட்டும். இனிமேல்தான் அநியாயம் வருகிறது.

மகரபூஷணம் முத்திரையை உடைத்தார். குண்டுகளை எடுத்து ஒரு தட்டில் வைத்தார். ஆணைய விதிப்படி ஆட்டத்தில் உள்ள காய்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கவேண்டுமாம். வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். எல்லாக் குண்டையும், என் குண்டையும் சேர்த்து, ஒரே வெந்நீரில் போட்டு, ஒரே துண்டால் துடைத்து, ஒரே சூட்டில் பானைக்குள் போட்டார். தம்பி, எனக்கு வயிறு எரிந்தது. பரம்பரையாக நடக்கிற ஒரு புனிதமான காரியத்தில் வெந்நீரா?

ஒரு சிவந்த மூக்கு வெள்ளைக்காரர் கை விட்டார். முதலில் வந்தது கொர்னேலி குண்டு. கடைசியில் பானையில் கிடந்தது யாருடையது? என்னுடையது. பல்லுப்பாறை! என் வம்சத்தில் அந்தப் பாறையை யாரும் கிட்டப்போய்ப் பார்த்ததில்லை.

அன்றைக்குத்தான் புரிந்தது, கேசினோ என்றால் முழு மோசடி. ஊரெல்லாம் சொல்கிறார்களே, அங்கே எல்லாவற்றையும் முன்னாடியே ஏற்பாடு செய்து வைத்திருப்பார்கள் என்று. உண்மை. இல்லாவிட்டால் எனக்கு எப்படிப் பல்லுப்பாறை விழும்? கடவுள் கையில் இருந்தவரைக்கும் சரியாக நடந்த பானை, சர்க்கார் கைக்குப் போனதும் நியாயம் செத்துப்போயிற்று.

அந்தப் பருவம் முழுக்க என் வலை கிழிந்துகொண்டே இருந்தது. நான் கிழிசலைத் தைப்பேன், கோயில் பாடு பக்கமிருந்து கொர்னேலி ஆட்களின் ஏலேலோ கேட்கும். அவன் பெண்டாட்டி பிரகாசிக்கு ஒரு கூடை சாளை கொடுத்தனுப்பினாள். அவமானம் பாருங்க. நான் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிரகாசி குழம்பு வைத்தாள். குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டேன்.

சும்மா இருப்பேனா? அதிகாரியிடம் போய், உங்கள் பானையில் மோசடி நடந்தது, விசாரணை வேண்டும் என்றேன். தினமும் ஓட்டல் வாசலில் நின்று சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஆனால் இதற்குள் துரைபாபுவுக்கு ஒரு தலைவலி வந்துவிட்டது. பானை ஆட்டத்தைப் பார்த்த டூரிஸ்ட்டுகளுக்கு அதற்குமேல் ரூலட் சக்கரம் ருசிக்கவில்லை. காலையிலேயே கரைக்கு வந்து, இந்த வலையில் மீன் அதிகமா அந்த வலையில் அதிகமா என்று தங்களுக்குள்ளே பந்தயம் கட்டிக்கொள்கிறார்கள். கேசினோவுக்கு அதில் ஒரு காசு பங்கு கிடையாது. உள்ளே சக்கரம் தனியாகச் சுற்றுகிறது. போதாததற்கு, ஒரு ராத்திரி தங்கவேண்டும் என்ற சட்டப்படி தங்கிய எங்கள் ஆட்கள் பால்கனியில் கருவாடு காயப்போட்டதில், பக்கத்து அறையில் தேனிலவுக்கு வந்த ஜோடி ஊருக்குத் திரும்பிப்போய்விட்டது. அடுத்த பானை நாளுக்குள் துரைபாபுவுக்கு எங்களையும் பானையையும் எப்படியாவது வெளியே தள்ளவேண்டும். துரைபாபுவுக்கு ஒன்று வேண்டும் என்றால் மகரபூஷணம் உடனே சட்டத்தை யோசிப்பார். அந்த வாரமே எனக்கு விசாரணை கிடைத்தது.

ஓட்டல் ஹாலில் எல்லாரும் உட்கார்ந்தோம். அதிகாரி என்னைக் கேட்டார், பல்லுப்பாறை விழுந்தது மோசடி என்கிறீரே, இதற்கு முன்னால் உமக்கு என்ன விழும் என்று. கோயில் பாடு என்றேன். எப்போதுமா என்றார். எப்போதும் என்றேன். எழுந்தான் பாருங்க கொர்னேலி. அத்தனை வருஷத்துப் பொறாமையையும் அன்றைக்குத்தான் அவிழ்த்துவிட்டான்.

"ஐயா, எனக்கு மீசை முளைச்ச நாள்லேருந்து கோயில் பாடு இவனுக்குத்தான். இவன் கல்யாணத்து வருஷமும் இவனுக்குத்தான், புயலடிச்ச வருஷமும் இவனுக்குத்தான். பானையைத் தூக்கிட்டு வரும்போதே எங்க எல்லாருக்கும் முடிவு தெரியும். கேட்டுப் பாருங்க, இந்த ஊர்ல தெரியாதவன் யாரு?"

எல்லாரும் தலையாட்டினார்கள். எல்லாரும். நானும் ஆட்டினேன், உண்மைதானே.

மகரபூஷணம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துரைபாபுவைப் பார்த்தார். துரைபாபு அவரைப் பார்த்தான். பிறகு அதிகாரி தொண்டையைச் செருமினார்.

"முடிவு முன்கூட்டியே எல்லாருக்கும் தெரியுது. வருஷா வருஷம் ஒரே ஆள் ஜெயிக்கிறார். அப்படின்னா இது அதிர்ஷ்டம் இல்லை, திறமை. திறமைக்குச் சூதாட்டச் சட்டம் பொருந்தாது. பானையைக் கரைக்கு எடுத்துட்டுப் போங்க."

என் காதாலே கேட்டேன், தம்பி. திறமை! ஆணையமே ஒப்புக்கொண்ட திறமைசாலி இந்தத் தீவில் நான் ஒருத்தன்தான். எதில் திறமை என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் சர்க்கார் தீர்ப்பு என்றால் பின்னால் ஒரு வால் இருக்குமே. அடுத்த பானை நாளில் தானே வந்து நின்று பார்ப்பேன் என்றார். தொம்மைக்கே கோயில் பாடு விழுந்தால் திறமை உறுதி, பானை என்றைக்கும் கரையிலேயே இருக்கலாம். வேறு யாருக்காவது விழுந்தால் அது அதிர்ஷ்டம்தான், மறுபடியும் முத்திரை, மறுபடியும் பெட்டி, படகு, மாலை, ஜூஸ், வெந்நீர்.

அந்தப் பானை நாள் இன்றைக்குத்தான்.

அதோ, கோயிலுக்கு எதிரே மணலில் கூட்டம் தெரிகிறதா? ஓரமாகக் குடையோடு நிற்பவர்தான் மகரபூஷணம். இன்றைக்குக் குண்டுகளைத் தொட அவருக்கு அதிகாரம் கிடையாது, சூதாட்டம் இல்லை என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டாரே. பார்க்கத்தான் வந்திருக்கிறார். காலையில் என்னைக் கண்டதும், "வெயில் ஏறுது, சீக்கிரம் ஆரம்பிங்க" என்றார். ஏன் அவசரம் என்று எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு வேடிக்கை கேளுங்க. விடிந்ததும் கொர்னேலி தன் மகன் தலையில் முழு ஐஸ் பார் ஒன்றை ஏற்றி என் வீட்டுக்கு அனுப்பியிருந்தான். ஓட்டலில் இருந்து துரைபாபு ஒரு வாளி. மற்ற வலைக்காரர்களும் ஆளுக்குக் கொஞ்சம். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. திறமைசாலிக்கு ஊர் காட்டுகிற மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். பிரகாசி மட்டும் அந்த ஐஸ் மலையைப் பார்த்து, சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். போன வருஷத்து ஹலோவுக்குப் பிறகு அவள் சிரித்தது இன்றைக்குத்தான்.

மணி அடிக்கிறது, கேட்டீங்களா? பூசை முடிந்துவிட்டது. அது உங்களுக்குத்தான், தம்பி. முதல் படகில் வந்த வெளியூர்க்காரர் நீங்கதானே. பயப்படாதீங்க. பானைக்குள் கை விட்டு ஒவ்வொரு குண்டாக எடுத்துப் போடவேண்டும், அவ்வளவுதான் வேலை. எந்தக் குண்டை வேண்டுமானாலும் முதலில் எடுக்கலாம். உங்கள் இஷ்டம், கடவுள் இஷ்டம். நான் எதுவும் சொல்லமாட்டேன், சொல்வது பாவம்.

டம்ளரை இன்னும் கொஞ்சம் பிடித்துக்கொண்டே நடங்க. கை சூடாக இருக்கிறதா? நல்லது. உள்ளே துழாவும்போது ஏதாவது ஒன்று சில்லென்று விரலில் பட்டால் திடுக்கிட்டுக் கையை உதறிவிடாதீங்க. ஈயம் சில நேரம் அப்படித்தான் இருக்கும். ஏன் என்று எனக்கும் தெரியாது. அதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடினால், இந்த ஊர் மொத்தமும் மறுபடி பெட்டியைத் தூக்கவேண்டும், எனக்கு மறுபடி லிஃப்ட். அதையும் நான் சொல்லவில்லை, கடல் காற்று சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்க.

ஒரே ஒரு உதவி. இங்கே யார் கேட்டாலும், முக்கியமாக அந்தக் குடைக்காரர் கேட்டாலும், இதையெல்லாம் உங்களுக்குச் சொன்னது யார் என்று மட்டும் சொல்லிவிடாதீங்க. இந்த விஷயம் இந்தத் தீவில் என்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது.